தும்பிக்குத் தலை வேண்டும்

மைனி, இன்று காலை கடைசிக் கவரில் பொடி அடைத்தேன். சுக்கும் மிளகும் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. நீங்கள் இருந்திருந்தால், "பொடிக்குள்ள தும்மாத, ஏட்டி" என்று விரட்டியிருப்பீர்கள். நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அண்ணன் கையைப் பிடித்துக் கரமனைக்கு வந்தவர் நீங்கள். அண்ணன் போனபிறகு நாம் இருவரும் சுக்குக் காப்பிப் பொடி இடித்து விற்கத் தொடங்கினோம். என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது, காயப்போட்ட சுக்கின்மேல் ஒரு தும்பி வந்து உட்கார்ந்தது. அதுவே பெயராயிற்று. இந்த மலையாள ஊரில் எல்லாரும் படிக்க வேண்டுமே என்று இங்கிலீஷில் எழுதினீர்கள். முதல் எழுத்து 'டி'யைச் சின்னதாகத்தான் போட்டீர்கள். நேராக ஒரு கோடு, கழுத்தளவில் குறுக்கே ஒரு கோடு. "இது உடம்பு, இது சிறகு. மேல நீட்டிக்கிட்டு நிக்கது தலை" என்றீர்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது; தும்பி தெரிந்தது.

லைசென்ஸுக்கு எழுதிக்கொடுத்தபோது மட்டும் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் நிரப்பினீர்கள். ஏன் என்று கேட்டேன். ஃபாரம் அவர்களுடையது, கவர் நம்முடையது என்றீர்கள்.

அது எனக்கு மறந்துபோயிற்று. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, விழிஞ்ஞத்தில் புதிதாகத் திறந்த பெரிய கடைக்காரர் நம் பொடியை வைக்கச் சம்மதித்தார். ஆனால் பெயர் சின்ன எழுத்தில் தொடங்குவது தப்பு, படிப்பில்லாதவர்கள் செய்தது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. உங்களைக் கேட்காமலேயே ஆரியசாலை பிரஸ்ஸில் பெரிய எழுத்துப் போட்டுக் கட்டுக்கட்டாக அடித்துவிட்டேன். ஒரு கவரைப் பெருமையாக உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன்.

நீங்கள் ஏசவில்லை. ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

"ஏட்டி, தலை எங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். சிறகுக்கு மேலே ஒன்றுமில்லை. நர்ஸிடம் பேனா வாங்கி, குறுக்குக் கோட்டுக்கு மேலே சின்னதாக ஒரு கோடு இழுத்தீர்கள். கை நடுங்கியதில் அது சாய்ந்துவிட்டது. "வானத்தப் பாக்குது, பாக்கட்டும்" என்று சிரித்தீர்கள். அடுத்த வாரம் நீங்கள் இல்லை.

மிச்சமிருந்த கவர் அத்தனைக்கும் நானே பேனாவால் தலை வைத்தேன், மைனி. அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் வைத்தேன், அழுதுகொண்டும் வைத்தேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கவர் தீர்ந்ததால் இன்று மறுபடி பிரஸ்ஸுக்குப் போனேன். பழைய மாதிரி சின்ன எழுத்து வேண்டும் என்றேன். "பேருன்னா முதல் எழுத்து பெரிசாத்தான் வரணும் சேச்சி, கேட்டோ" என்றார் பிரஸ்காரர். நான் விடவில்லை. அங்கிருந்தே பெரிய கடைக்காரருக்கும் போன் போட்டேன். அவர் பில்லில் எப்படி வேண்டுமானாலும் அடிக்கட்டும், கவரில் சின்ன எழுத்துத்தான், பிடிக்காவிட்டால் பொடியை வைக்க வேண்டாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

நீங்கள் தலை வரைந்த அந்த ஒரு கவரில் நான் பொடி அடைக்கவேயில்லை. மாதிரிக்கு அதைத்தான் கொடுத்தேன். தலை சாய்ந்திருக்கிறதே, நிமிர்த்தட்டுமா என்று பிரஸ்காரர் கேட்டார்.

"வேண்டாம். அது வானத்தப் பாக்குது" என்றேன்.

ஒன்றும் புரியாமல் போனில் படம் எடுத்துக்கொண்டு கவரைத் திருப்பித் தந்தார். அது இப்போது என் பர்ஸில் இருக்கிறது, மைனி. பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.