உன் கெண்டைக்கால் பற்றி

அன்புள்ள சுண்டுவுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே அக்கா, மாப்பிள்ளை, அவர்கள் குழந்தை, நான் எல்லோரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அப்பா அப்படி இல்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ நலமா என்று கேட்க வேண்டும், கடிதம் என்றால் அதுதானே முறை, ஆனால் நீ நலம்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அந்த எரிச்சலில்தான் நாலு நாளாகச் சோறு இறங்காமல் இருக்கிறேன். இதைப் போனில் சொல்ல வழியில்லை. நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரைப் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறார், மெசேஜ் அனுப்பினால் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கே படித்துக் காட்டுகிறார். அதனால்தான் நீ அடுத்து ஆடப்போகும் ஊரில் தங்குகிற ஓட்டல் விலாசத்தை அக்காவிடம் வாங்கி, கடையில் ஜாக்கெட் வெட்டுகிற மேஜை மேலேயே வைத்து எழுதுகிறேன். சாக்குக்கட்டித் தூள் தாளில் ஒட்டியிருந்தால் துடைத்துக்கொள்.

காலிறுதி ஆட்டத்தன்று நம் வீட்டில் உட்கார இடமில்லை. மாடி வீட்டுக்காரர், மருந்துக்கடைக்காரர், உனக்கு முதலில் மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கோச், எல்லோரும் டிவி முன்னால். அக்கா வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி வந்தது. சிங்கிள்ஸில் கடைசி எட்டுப் பேருக்குள் நீ வந்தது இதுதான் முதல் தடவை, அப்பா காலையிலேயே சவரம் செய்துகொண்டு சட்டையை உள்ளே விட்டு உட்கார்ந்துவிட்டார், ஏதோ அவரையும் டிவியில் காட்டப்போகிற மாதிரி. எதிரில் ஆடிய பிள்ளை தகுதிச் சுற்றிலிருந்து மேலே வந்தவன், ஒல்லியாகத் தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தான். ஆளுக்கொரு செட். மூன்றாவதில் அவன் ஐந்து, நீ நான்கு. இடம் மாறி உட்கார்ந்து எழுந்தால் அவன் சர்வ், அந்த ஒரு கேமை எடுத்தால் ஆட்டம் அவனுக்கு. மாடி வீட்டுக்காரர் எழுந்து செருப்பு மாட்டப் போய்விட்டார். அப்போதுதான் நீ கையைத் தூக்கி நடுவரிடம் கெண்டைக்காலைக் காட்டினாய்.

சுண்டு, உலகத்துக்கு நீ டென்னிஸ்காரன். எனக்கு நீ கணக்குப் பரீட்சையன்று காலையில் நொண்டிக்கொண்டு எழுந்து வருகிறவன். வலது காலை இழுத்து, கட்டைவிரலை உள்பக்கம் மடித்து, இடது கையை இடுப்பில் முட்டுக் கொடுத்து, கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பி நான் பார்க்கிறேனா என்று ஒரு பார்வை. அப்பா விடியும் முன்னே பஸ் எடுக்கப் போய்விடுவார், அந்தக் கூத்தை அவர் பார்த்ததே இல்லை. நான்தான் பார்த்தேன், எத்தனையோ தடவை. அதே கால், அதே விரல், அதே இடுப்பு, அதே ஓரக்கண். இந்தத் தடவை ஓரக்கண்ணால் பார்த்தது அந்த ஒல்லிப் பிள்ளையை. டிவிக்கு முன்னால் எல்லோரும் ஐயோ பாவம் என்கிறார்கள், எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. பிள்ளையின் காலுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்து வயிறு எரிந்த அம்மா உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வைத்தியம் பார்க்கிறவர் ஓடிவந்து உன் காலைப் பிசைகிறார், கட்டுகிறார், நீ பல்லைக் கடித்து முகத்தைச் சுளிக்கிறாய். அந்தப் பிள்ளை கோர்ட்டில் தனியாக நின்று கையை உதறுகிறான், குதிக்கிறான், உன் பக்கம் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போகிறான். பிறகு உடம்பு சில்லிட்டுப் போய் வந்து சர்வ் போட்டான், வலையில் அடித்தான், வெளியே அடித்தான், மறுபடி வலையில் அடித்தான். அதுகூடப் பரவாயில்லை என்று வை. அதற்கப்புறம் அவன் உன்னை ஓடவிடவே இல்லையே, கவனித்தாயா. அது வரைக்கும் மூலைக்கு மூலை விரட்டியவன், நீ நொண்டுவதைப் பார்த்துப் பந்தை உன் நெஞ்சுக்கு நேராகவே போட்டான். அடிபட்டவனை அலைக்கழிக்க அவனுக்கு மனசு வரவில்லை. அதை நீ வாங்கி வாங்கி மூலையில் அடித்தாய். கடைசியில் அவன் அடித்த பந்து வலை நாடாவில் தட்டி உன் பக்கம் சொத்தென்று விழுந்தபோது, பின்கோட்டிலிருந்து நீ ஓடிவந்த ஓட்டம் இருக்கிறதே, பஸ்ஸைத் தவறவிடுகிறவன்கூட அப்படி ஓடமாட்டான். பந்தை எடுத்துப் போட்டு பாயின்டை வாங்கிய பிறகுதான் உனக்குக் கால் ஞாபகம் வந்தது, குனிந்து பிடித்துக்கொண்டாய். அந்தப் பிள்ளை உன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வலைக்கு வந்து கை கொடுத்தான். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. அடுப்பில் ஒன்றுமே இல்லாமல் அடுப்படிக்குப் போய் நின்றேன்.

மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. பாத்திரம் எடுக்க வருகிறமாதிரி வந்து, என்ன அத்தை, உங்க பையன் நல்லா நடிக்கிறான்ல என்று சிரிக்கிறார். இதெல்லாம் ஆட்டத்துல ஒரு பகுதிதான், எல்லாரும் பண்றாங்க, இவன் பண்ணலேன்னாத்தான் ஏமாளி என்கிறார். எனக்கு அவர் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரன் துணியில் திருடுகிறான் என்று நானும் ஜாக்கெட்டுக்குக் கால் மீட்டர் அடித்தால் ஒத்துக்கொள்வாரா. அவரிடம் கேட்கவில்லை, மாப்பிள்ளையாயிற்றே, உன்னிடம் கேட்கிறேன்.

அன்றைக்கே நீ கூப்பிட்டாய். ஸ்பீக்கரில் உன் குரல் வருகிறது, உயிர் போற வலி அப்பா, ஆனா விடக்கூடாதுன்னு நின்னுட்டேன் என்கிறாய். உலகத்துக்கு நடித்தாய், தொலையட்டும், வயிற்றுப்பாடு என்று நினைத்திருப்பேன். பெற்றவரிடம் வாய் கூசாமல் சொன்னாய் பார், அங்கேதான் எனக்கு விட்டுப்போயிற்று. அவர் சத்தமில்லாமல் அழுதார். அரையிறுதியில் நேர் செட்டில் தோற்றாயே, அன்றைக்கு நொண்டவே இல்லை, ஆனாலும் பேட்டியில் காலைத்தான் சொன்னாய். அப்பா மருந்துக்கடைக்காரரிடம், கால் மட்டும் சரியா இருந்திருந்தா கப் நம்ம வீட்டுக்கு வந்திருக்கும் என்கிறார். நான் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன், பொய்ச் சாட்சி சொல்ல வந்தவள் மாதிரி. கடைக்கு ஊசிநூல் வாங்க வருகிறவர்கூட, உங்க பையன் சிங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஆமாம் என்று தலையாட்டி ஆட்டிக் கழுத்து வலிக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிளட்ச் மிதித்து மிதித்தே தேய்ந்த முழங்கால் அவருக்கு, அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது உனக்குத் தெரியும். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தானே போய், என் பையன் அந்தக் காலோட ஆடி ஜெயிச்சான், நான் அவனுக்கு அப்பன், எனக்கெதுக்கு ஆபரேஷன் என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் பெருமை அடித்துவிட்டு வந்திருக்கிறார். ஊன்றுகோலைப் பரணில் தூக்கிப் போட்டாயிற்று. நானும் அக்காவும் கெஞ்சிப் பார்த்தோம், டாக்டரையே பேச வைத்தோம். வலிங்கறது மனசுலதான் டாக்டர், டிவியில பாக்கலையா என்று அவருக்கே பாடம் நடத்துகிறார். முந்தாநாள் மாடிப்படியில் கால் மடங்கி விழுந்தார். தாடை கிழிந்து தையல் போட்டிருக்கிறது, முழங்கால் பானை மாதிரி வீங்கியிருக்கிறது. தூக்கப் போன என்னிடம், பாத்தியா, அவன மாதிரியே நானும் சமாளிச்சிட்டேன் என்று சிரிக்கிறார், வாயில் ரத்தம். சுண்டு, உன்னிடம் அப்படி ஒரு அருவருப்பு எனக்கு வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வந்தது. மறைத்து எழுத மாட்டேன்.

நான் உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம்தான். நம்பமாட்டார். பிள்ளையைக் கரித்துக் கொட்டுகிறாள் என்று பேச்சை நிறுத்திவிடுவார், கால் அப்படியே இருக்கும். நீ சொன்னால்தான் உண்டு. ஆஸ்பத்திரிப் பெண்ணைத் தனியாகப் பார்த்துக் கெஞ்சியிருக்கிறேன், வருகிற சனிக்கிழமை வரைக்கும் அந்த நாளை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டாளாம். அதற்குள் நீ கூப்பிட்டு, என் காலுக்கு ஒன்றுமே இல்லை, ஜெயிக்க வேண்டும் என்று நடித்தேன் என்று அவரிடம் சொல். கொஞ்சம் வலித்தது, பிறகு சரியாகிவிட்டது என்று மழுப்பினால் அவர் அதையும் உனக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொள்வார். நேராகச் சொல். அந்த ஒல்லிப் பிள்ளையிடமும் சொல்ல வேண்டும், அது உன் பாடு, நான் வற்புறுத்தவில்லை, ஆனால் அவனைப் பார்க்கும்போது உனக்கு முகம் இருக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் ஆடிவிட்டு உடனே ஐஸ் தண்ணீர் குடிக்காதே, ஈரச் சாக்ஸோடு தூங்காதே. எந்த அம்மாவுக்கும் பிள்ளை கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும், எனக்கும் அதுதான், கோபத்திலும் அதைத் தவிர வேறு ஒன்றும் உனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. சனிக்கிழமையை மறந்துவிடாதே. சொன்னால் அவர் மனசு உடைந்துபோகும் என்று பயப்படுவாய், எனக்குத் தெரியும். உடையட்டும், அதற்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன். கால் உடைந்தால் என்னால் அவரைத் தூக்க முடியாது.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் ஆறாத அம்மா