வெங்காயம் தேய்த்த கண்

என் ஆசை முத்தக்காவுக்கு,

இன்று எனக்கு வந்திருக்கும் கோபத்தைக் கொட்ட உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? மதுரையில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு நேற்றுத்தான் அருப்புக்கோட்டை திரும்பினேன். பஸ்ஸில் வழி நெடுகப் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

உனக்கு வந்ததுதான் எனக்கும். "கண்ணுக்குள்ள மண்ணு கெடந்து உறுத்துதுடி" என்பாயே, அதே உறுத்தல். தண்ணீர் குடிக்காமல் சோறு இறங்காதே, அதே வாய் வறட்சி. விரல் மூட்டு வலியும்கூட. டாக்டர் மூன்றையும் சேர்த்துத்தான் கேட்டார்.

"கண்ணீர் சொரக்குற எடமே வத்திப்போற நோவும்மா இது. மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அடியோட தீராது, ஆனா கண்ணைக் காப்பாத்தலாம்" என்றார்.

மனசுக்குச் சம்பந்தமில்லையாம், கேட்டாயா?

பல வருடங்களுக்கு முன்னால் பந்தல்குடியில் அத்தான் செத்துக் கிடந்தபோது, கட்டிப்பிடித்து அழ வந்தவர்கள் ஒவ்வொருத்தியாக உன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்கள். "புருசன் போயிட்டான், இவ கண்ணுல பொட்டுத் தண்ணி இல்லையே! கல்நெஞ்சுக்காரி!" என்று கத்தினாள் உன் மாமியார். சின்ன வெங்காயத்தை நசுக்கி அவள் கையாலேயே உன் கண்ணில் தேய்த்தாள். அப்போதும் வரவில்லை. கண்தான் புண்ணானது. அதற்குத் தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று ஆளாளுக்கு விட்டார்கள். இடது கண்ணில் பூ விழுந்ததும், செய்த பாவம் என்றார்கள். நாசமாய்ப் போக!

உன் மேலும் கோபம்தான். அத்தானை நினைத்து நீ சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது எனக்குத் தெரியும். ஒருத்தியிடமாவது ஏன் அக்கா வாயைத் திறக்கவில்லை? கடைசிவரை அந்தப் பேரோடேயே போய்விட்டாயே.

இப்போது என்னிடம் சொட்டு மருந்து இருக்கிறது. உறுத்துவதற்கு முன்பே அடிக்கடி விட வேண்டும். வெந்நீர்த் துணியால் இமைக்கு ஒத்தடம், புழுதிக் காற்றுக்குக் கண்ணாடி. பாலும் எண்ணெயும் கண் பக்கமே வரக்கூடாது. இவ்வளவுதான் அக்கா. இதைச் சொல்ல அன்றைக்கு ஒரு நாதி இல்லையே!

நீ போனபோது என் கண்ணும் காய்ந்துதான் கிடந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். "நடிக்கிறா" என்றாள் ஒருத்தி.

காலையில் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். உன் மாமியார் செத்துப்போனாள். நான் போகிறேன். கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க மருந்தை விட்டுக்கொள்வேன். அது கன்னத்தில் வழியும். எவளாவது தொட்டுப் பார்த்து, "இவளாச்சும் அழுகுறாளே" என்று சொல்லட்டும்.

"இது மருந்து ஆத்தா. எங்கக்காதான் நெசமா அழுதா" என்று அந்தப் பிணத்துக்கு முன்னாலேயே சொல்வேன். இது உன் மேல் சத்தியம்.

உன் கண்ணே தனக்கும் வாய்த்த தங்கச்சி,
செல்லம்