ஐந்தாம் பாகத்தைத் திறக்கட்டுமா, ஜோதியக்கா?

என் பிரியத்துக்குரிய ஜோதியக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான். குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்த திலகம். தோல் ஃபினிஷிங் கம்பெனியில் வேலை பார்க்கும் இம்தியாஸ், வழக்கம்போல வாசலை ஒட்டி, நாற்காலியின் நுனியில். உன் மகள் மீனா. என் வீட்டுக்காரர் உள்ளறையில் இருந்தார். மந்திரவாதிக் கதைக் கூட்டத்தில் தன்னைச் சேர்க்கக் கூடாது என்று அவரே சொல்லியிருப்பதால் அவரைச் சேர்க்கவில்லை. வேறு யாரும் இல்லை.

ஓவர்டைம் ஞாயிறுகளில் நீ வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போதே, "இன்னிக்கு யார் யார் வந்தாங்க ஷமீம்?" என்றுதான் கேட்பாய். அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன்.

நீ போன பிறகு நாங்கள் கூடியது இதுதான் முதல் தடவை. கூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. திலகம்தான் போன் செய்து, எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றாள். அவள் புருஷனுக்கு விசைத்தறி. வீட்டில் ஓயாமல் சத்தம். "எங்க வூட்டுக்காரர் பேசறது ஒண்ணும் காதுல விழாது. இதுல வர்ற பாம்பு பேசினா மட்டும் நல்லா விழுது" என்று அவள் சொல்வாளே, அந்தச் 'சிறகரவம்' தொடரைத்தான் சொல்கிறேன். ஒன்பது பாகத்தையும் இரண்டாம் முறை முடித்துவிட்டாள்.

நீ இருந்தால் அடுத்து என்ன கொடுப்பாய் என்று யோசித்தேன். நீ எடுத்தவுடனே புத்தகம் கொடுக்கமாட்டாய். வந்தவரை உட்காரவைத்து டீ கொடுத்து, வீட்டில் இன்னா விசேஷம், யாருக்கு உடம்பு சரியில்லை, யாரோடு சண்டை என்று எல்லாம் கேட்பாய். அதற்கப்புறம்தான் அலமாரி பக்கம் போவாய். யுத்தமும் வரைபடமும் கேட்கிறவருக்கு 'வடமலைப் போர்கள்'. ஆனால் முதல் இருநூறு பக்கம் வம்சாவளிதான் ஓடும், அதைத் தாண்டினால்தான் குதிரையே கிளம்பும் என்று முன்னாடியே சொல்லிவிடுவாய். இம்தியாஸ் அதில் விழுந்தவர்தான், இன்னும் எழவில்லை. முடிவு வராத தொடரை யாருக்கும் கொடுத்ததில்லை நீ. "எழுதறவன் முடிக்கட்டும், அப்புறம் நாம ஆரம்பிக்கலாம். பாதியில நம்மள வுட்டுட்டுப் போனா யாரு பொறுப்பு?" என்பாய்.

எனக்கு நீ கொடுத்தது 'சுடர்க்குலம்'. உருதுப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். தமிழை பஸ் போர்டிலும் ரேஷன் கடைப் பலகையிலும் நானாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டவள். அந்தக் குண்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். அதைவிட, மந்திரம் என்றதும் மனசு ஒப்பவில்லை. எங்கள் மார்க்கத்தில் அது பெரிய பாவம் என்றேன்.

"செய்யறதுதானே பாவம்? நீ இன்னா செய்யவா போற?" என்றாய். "படிச்சுப் பாரு. இதுல மந்திரம் சும்மா கிடைக்காது. ஒருத்தி நெருப்பு வரவழைச்சா, அவ ஞாபகத்துல இருந்து ஒண்ணு போய்டும். பெரிய நெருப்புன்னா பெரிய ஞாபகம். உனக்கு மந்திரவாதி ஒத்துவராது, கணக்குப்பிள்ளைதான் ஒத்துவருவான். இது அந்த மாதிரிக் கதை."

உண்மைதான். சும்மா கிடைக்கிற மந்திரத்தை என்னால் நம்பவே முடியாது. வீட்டுக்கு ஒரு பொருள் வந்தால் எங்கிருந்தோ ஒன்று போயிருக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த நியாயம். விலை சரியாக எழுதப்பட்ட கதை என்றால் எத்தனை பாகமானாலும் படிப்பேன்.

ஒரே ஒரு பிரதி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் படித்தோம். பகலில் கம்பெனி பஸ்ஸில் உன்னிடம், ராத்திரி என்னிடம். பகலில் நீ நிறுத்திய இடத்தை ராத்திரி நான் தாண்டக் கூடாது, நான் அங்கே வந்து சேரும்வரை நீயும் நகரக் கூடாது. சாயங்காலம் தண்ணீர் பிடிக்கும்போது மாடியில் உன் வீட்டிலிருந்து கேட்பாய், "எங்க இருக்க?"

"பாலத்துல."

"இன்னும் பாலத்துலயா! சீக்கிரம் இறங்கு. நான் குளிர்ல நிக்கிறேன்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் நமக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நாலாம் பாகம் முடிந்தபோது ரமலான் வந்துவிட்டது. அந்த மாதம் நான் கதை படிப்பதில்லை என்று உனக்குத் தெரியும். ஐந்தும் ஆறும் கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காமல் உன் அலமாரியில் இருந்தன. "நீ படி அக்கா, நான் பிந்தி வந்து சேர்ந்துக்கறேன்" என்றேன். "அதெப்படி? நீ நோன்பு வெச்சா நானும் கதை நோன்பு. பெருநாள் பிரியாணி துன்னுட்டு ரெண்டு பேரும் சேர்ந்து பிரிக்கலாம்" என்றாய்.

நோன்பின் கடைசிப் பத்து நாளில்தான் அது நடந்தது. கம்பெனியில் ஷூவுக்கு அப்பர் தைத்துக்கொண்டிருந்தபோது உன் கை மெஷின் மேலேயே நின்றுவிட்டதாம். வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நானும் மீனாவும் உள்ளே வந்தோம். உனக்கு அது தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். மீனாவைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, "நீங்க யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டாய்.

"உன் வூட்டுப் பொண்ணுதாம்மா" என்றாள்.

நீ தலையாட்டினாய், நம்பாதவர்கள் ஒரு பேச்சுக்குத் தலையாட்டுவதுபோல. அவளிடம் நீ கடைசியாகப் பேசியது அதுதான்.

பெருநாள் வந்தது. பிரியாணி செய்தேன். உப்பு சரியாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை. தினக்கணக்கு எழுதுகிறேன், பைசா பிசகாமல் வருகிறது. அழுகை மட்டும் வரவில்லை. திலகம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அடுப்பில் பால் வைத்திருக்கிறேனே என்று நினைத்தேன். தொழுகையில் உன் பெயரைச் சொல்கிறேன், அதுவும் வாயிலிருந்துதான் வருகிறது. இப்படித்தான் இருக்குமா அக்கா? உன் அம்மா போனபோது நீயும் இப்படித்தான் இருந்தாயா? அப்போது நான் கேட்கவில்லையே.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். திலகம் அடுத்த தொடருக்காகக் காத்திருந்தாள். இம்தியாஸ் 'வடமலை'யை அவள் தலையில் கட்டப் பார்த்தார்.

"அதுல நெசவாளி ஒருத்தி வர்றா திலகம். ராஜாவோட ஆயுசையே தறியில நெய்யறா."

"படிச்சேன், படிச்சேன். பாவு போடாமலே நெய்யறா. எழுதினவன் தறியை எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டான். ராஜா சீக்கிரம் செத்ததுல ஆச்சரியமே இல்ல."

மீனா சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரித்தவள் உடனே என் பக்கம் திரும்பினாள். சித்தி என்று சொல்லாமல் எங்கள் வழக்கப்படி காலா என்றுதான் என்னை இன்னும் கூப்பிடுகிறாள்.

"காலா, ஊருக்கே அம்மா புக்கு குடுத்துச்சு. எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுகூடக் குடுக்கல?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். நீ சொல்லியிருக்கிறாய். "அவ கேக்கட்டும். கேக்காதவங்களுக்குக் குடுத்தா அது பாடப் புத்தகமா போய்டும்." அதை அப்படியே சொன்னேன்.

மீனா விடவில்லை. "சரி, இப்ப கேக்கறேன். கடைசியா அம்மா எதைப் படிச்சிட்டு இருந்துச்சோ, அதையே குடுங்க."

அக்கா, திலகம் 'சுடர்க்குலம்' மூன்று பாகம் படித்தவள். என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தை நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் பாகத்தின் கடைசி. கோட்டையைக் காப்பாற்ற, கதையில் வரும் அம்மா மலை உயரத்துக்கு நெருப்பு எழுப்புகிறாள். அதற்கு விலையாக மகள் நினைவிலிருந்தே போய்விடுகிறாள். மகள் எதிரே வந்து நிற்கிறாள், அம்மா அவளிடம் வழி கேட்கிறாள்.

திலகம்தான் முதலில் பேசினாள். "அது வேணாம்மா. முதல் பாகம் ஒரே ஜவ்வு. பேஜார் புடிச்சிடும். நீ பாம்புக் கதை எடு."

"ஆமா, ஆமா" என்றார் இம்தியாஸ், அதில் ஒரு பக்கம்கூடப் படிக்காதவர்.

மீனா ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். உன் மகளிடம் நமக்குப் பொய் சொல்ல வருமா? "என்னை இன்னா சின்னப் புள்ளன்னு நினைச்சீங்களா? அதுல யாராவது அம்மா செத்துடறாங்களா?"

"கதை சொல்லக் கூடாது. உங்கம்மா வெச்ச சட்டம்" என்றாள் திலகம்.

"செத்தா பரவால்ல காலா. அதான் பாத்துட்டேனே."

சாவு இல்லை மீனா, அது இல்லை என்று என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் கதையை உடைத்தவளாவேன். சொல்லாமல் கையில் கொடுத்தால், காயம் பட்ட இடத்திலேயே கை வைத்தவளாவேன். அவரவர் வீட்டில் நடந்ததையே கதையில் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அதிலிருந்து வெளியே வருகிற வழியும் அதே புத்தகத்தில் இருக்க வேண்டும் என்று நீதானே சொல்வாய்? அதனால்தான் டீ கொடுத்து அவ்வளவு விசாரிப்பாய் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நாலாம் பாகம் முடியும்போது அந்த அம்மா உயிரோடுதான் இருக்கிறாள், மகளோடு ஒரே கூடாரத்தில் தூங்குகிறாள், இன்னும் யாரென்று தெரியாமல். மிச்சம் இருப்பது ஐந்தும் ஆறும். முடிவு என்ன என்று போனில் தேடிச் சொல்லட்டுமா என்று இம்தியாஸ் மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். யாரோ இரண்டு வரியில் எழுதியதை நம்பி நீ யாருக்காவது புத்தகம் கொடுத்திருக்கிறாயா?

"வர்ற ஞாயித்துக்கிழமை தர்றேன் மீனா" என்று சொல்லி அனுப்பினேன். மாடிக்குப் போனவள் உடனே திரும்பி இறங்கி வந்தாள். நான் கேட்டபடி அந்த இரண்டு பாகங்களையும் என்னிடம் வைத்துவிட்டுப் போனாள். கண்ணாடித்தாள் இன்னும் பிரிக்கவில்லை.

அவளுக்குக் கொடுக்கலாமா என்று தெரிய வேண்டுமானால் நான் முழுவதும் படித்திருக்க வேண்டும். படித்தால் உன்னைத் தாண்டிப் போகிறேன். நீ நிறுத்திய இடத்திலேயே நானும் நின்றுகொண்டிருக்கும்வரை, நீ பஸ்ஸில் இருக்கிறாய், இன்னும் வீடு வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்று எனக்குள் எதுவோ நினைத்துக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. ஒரு பக்கம் தாண்டினாலும் அது போய்விடும். அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரலாம். அது வருவதும் எனக்குப் பயமாக இருக்கிறது.

இறந்தவர்களிடம் எதையும் கேட்கக் கூடாது என்பது எங்கள் மார்க்கம். வரம் கேட்பதெல்லாம் ஆண்டவனிடம் மட்டும்தான். நான் உன்னிடம் வரம் கேட்கவில்லை அக்கா. ஊரே உன்னிடம் கேட்டதைத்தான் கேட்கிறேன்: எந்தப் புத்தகம், யாருக்கு, எப்போது. அது பாவமாகாது என்று நினைக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஐந்தும் ஆறும் படித்து முடிப்பேன். அந்த அம்மா மகளை அடையாளம் கண்டுகொண்டால், மீனாவுக்கு முதல் பாகத்தைக் கொடுத்து, நானும் முதல் பக்கத்திலிருந்து அவளோடு திரும்பப் படிப்பேன். இரண்டாம் பாகத்தின் கடைசி வரும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கண்டுகொள்ளவில்லை என்றால் பாம்புக் கதையைக் கொடுத்துவிட்டு, அவள் எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்வேன்.

புத்தகம் இப்போது என் மடியில் இருக்கிறது. பிரிக்கட்டுமா, வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்து முடிக்க வேண்டும், அதனால் சீக்கிரம் பதில் சொல்லு.

உன் கூடப் பிறக்காத தங்கை,
மீனாவின் காலா,
ஷமீம்
ஆம்பூர்