பூங்காக் காவலர் ராசிக் மீதான நடவடிக்கையைக் கைவிடக் கோரி

அனுப்புநர்:
லோகேஸ்வரி பரமேஸ்வரன்,
கிள்ளான், சிலாங்கூர்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
குனோங் செம்பாயாக் தேசியப் பூங்கா.

பொருள்: 15.3.2025 அன்று என் கணவரை மீட்ட காவலருக்கு விளக்கம் கேட்டு அனுப்பப்பட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பரமேஸ்வரன் (வயது 64) லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்; நீரிழிவு நோயாளி. இருவாட்சிப் பறவையையும், முடிந்தால் மலையாட்டையும் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. அன்று காலை முறைப்படி பதிவு செய்துகொண்டு இருவரும் இரண்டாம் பாதையில் நடந்தோம்.

2. நண்பகலில் எனக்கு முழங்கால் வலித்ததால் உட்கார்ந்துவிட்டேன். இருவாட்சியின் குரல் கேட்டு, "பத்தே நிமிஷம், பார்த்துட்டு வரேன்" என்று அவர் மட்டும் முன்னே சென்றார். சாப்பாட்டுப் பை என்னிடம் இருந்தது. ஒரு மணி நேரமாகியும் அவர் வரவில்லை. தேடிப் போனபோது பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்புறம் செல்லத் தடை என்ற பலகை சருகுகளுக்கிடையே குப்புற விழுந்து கிடந்தது. படம் இணைத்துள்ளேன்.

3. கைப்பேசியில் தொடர்பு கிடைக்காததால் நுழைவாயிலுக்குத் திரும்பினேன். அங்கே காவலர் திரு. ராசிக் மட்டுமே இருந்தார். அவர் வாக்கிடாக்கியில் தகவல் சொன்னார். தேடும் குழு ஐந்து மணிக்குத்தான் வரும், அதுவரை காத்திருக்கவும் என்று பதில் வந்தது. அப்போது மணி இரண்டு, மழையும் பிடித்துக்கொண்டது. கணவரின் நோயைச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் வாயிலை அடைத்துவிட்டு, "ஆன்டி, நீங்க இங்கேயே இருங்க. அங்கிளைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிப் போனார்.

4. அடுத்த இரண்டே முக்கால் மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

5. விலங்குகள் உப்பு நக்க வரும் தடைப்பகுதியில், வியர்த்து மயங்கும் நிலையில் என் கணவரை அவர் கண்டுபிடித்திருக்கிறார். அது நோன்பு மாதம். நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழங்களை எல்லாம் அவருக்கு ஊட்டி, தெளிந்ததும் முதுகில் சுமந்து இறங்கியிருக்கிறார். மழையில் அவர்கள் வருவதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கணவர் சொன்ன முதல் சொல், "மலையாட்டைப் பார்த்துட்டேன்லா." அங்கேயே திட்டினேன், பிறகு அழுதேன். ராசிக் எங்களோடு கிளினிக்குக்கும் வந்தார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார் மருத்துவர். அன்று ராசிக் நோன்பு திறந்தது எங்கள் பையிலிருந்த பிஸ்கட்டாலும் பச்சைத் தண்ணீராலும்தான்.

6. கணவர் இப்போது நலம். இதை எழுதும்போது வாசலில் கார் கழுவிக்கொண்டிருக்கிறார். நன்றி சொல்லச் சென்ற வாரம் அழைத்தபோது, ராசிக் "அங்கிள் எப்படி இருக்காரு?" என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை. அனுமதியின்றி வாயிலை விட்டுப் போனதற்கும் தடைப்பகுதியில் தனியே நுழைந்ததற்கும் அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டிருப்பதை உடன் பணிபுரிபவர் சொல்லித்தான் அறிந்தேன்.

7. அரிய விலங்குகள் அச்சமின்றி வந்து போக அந்த விதி அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பலகை நின்றிருந்தால் என் கணவரும் அங்கே நுழைந்திருக்க மாட்டார், அவரைத் தேடி ராசிக்கும் போயிருக்க மாட்டார். ஆகவே அக்கடிதத்தைத் திரும்பப் பெற்று, பலகையை உடனே நிமிர்த்தி நட்டு வைக்குமாறு வேண்டுகிறேன். வாயிலை விட்டுப் போகும்படி அவரைக் கெஞ்சியவள் நான். அது தவறு என்று தாங்கள் கருதினால், கோப்பில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
லோகேஸ்வரி பரமேஸ்வரன்

இடம்: கிள்ளான்
நாள்: 7.4.2025

இணைப்பு: பலகையின் படம், மருத்துவர் சான்று, இம்மனுவின் மலாய் மொழிபெயர்ப்பு.