ததைமாவுக்குப் பதில்

கார்த்திகை, வியாழக்கிழமை.

எம்பொண்டாட்டி செல்வி நாகல் நகர்ல ஜப்பான் மொழி வகுப்பு முடிச்சுட்டு வந்தா. செருப்பைக் கூடக் கழட்டாம வாசல்லயே நின்னு, "ததைமா"ன்னு சத்தம் போட்டா. நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருந்து கொண்டாந்த கத்திரிக்காயை வதக்கிக்கிட்டு இருந்தேன். "வந்துட்டியா, சாப்டுறியா?"ன்னு கேட்டேன். அவளுக்குக் கோவம் வந்துருச்சு.

"அப்படியில்லீங்க. வெளிய போயிட்டு வந்தவக ததைமா, வந்துட்டேன்னு சொல்லணும். வீட்டுல இருக்குறவக ஒக்கயெரின்னு வரவேற்கணும். அங்க அதான் வழக்கம்."

"நான் கேட்டதும் அதுக்குத்தானடி?"

"சோறு போடவா சொன்னேன்?"

திரும்ப வெளிய போயி உள்ள வந்தா. மூணாவது தடவைதான் நான் சரியாச் சொன்னேன். சிரிச்சா.

அடுத்த மாசம் போறா. வயசானவங்களைப் பாத்துக்குற வேலை, மூணு வருசம். தங்குறதுக்குத் தனி ரூமாம். "பூட்டுன ரூமைத் தெறந்து யாருக்குடி சொல்லுவ?"ன்னு கேட்டேன். "ஆளில்லாட்டியும் சொல்லிக்கிறவக உண்டாம்"னா.

செத்த நேரம் கழிச்சுப் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்து வாசல்ல நின்னு, நானும் "ததைமா"ன்னேன். அவ புத்தகத்துல இருந்து தலையைத் தூக்காமலே, "வந்துட்டீங்களா, காப்பி போடவா?"ன்னா. சொன்னப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டா.

நான் திருத்தல.

இம்புட்டு நேரமா அவ ரூமு காலியா இருக்குமேன்னுதான் கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன். காலியாகப் போறது இந்த வீடு.