சோதிக்காமல் போட்ட கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஆபீசுக்குப் புது வி.பி.என். சர்வர் வந்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அதன் வழியாகத்தான் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குள் வர முடியும். அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி எனக்கொரு கம்ப்யூட்டர் தந்தார்கள். சோதிக்கத் தேவையான மென்பொருளைக்கூட அதில் நிறுவ அனுமதியில்லை. அதற்கான அட்மின் பாஸ்வேர்டு கேட்டேன்.

"கான்ட்ராக்ட் ஆளுக்கு அதெல்லாம் எதுக்குப்பா? டெஸ்ட் பண்ணியாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்றார் மேனேஜர்.

போட்டுவிட்டேன். கார்மென்ட் கம்பெனியில், தைத்த சட்டையை விரித்துப் பார்க்காமல் சீல் குத்த மாட்டேன் என்று சூப்பர்வைசரோடு மல்லுக்கு நின்றவள் நீ. எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

நாளை அந்தத் தாளில் 'சோதிக்கவில்லை' என்று திருத்தப் போகிறேன். வேலை போனாலும் போகலாம், பயப்படாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது அந்த மேனேஜரை நாலு வார்த்தை திட்டு. இங்கே எனக்காகத் திட்ட யாருமில்லை.

பஸ் வந்துவிட்டது.

உன் மகன்