நீச்சல் குளத்துக்கு வந்தவர்கள்

அன்புத் தம்பிக்கு,

இன்று நான் நடத்தும் நீச்சல் வகுப்பின் நடுவே, துணியால் முகத்தை மூடிய ஒரு கூட்டம் குளத்துக்குள் நுழைந்தது. "இது நம்ம குளம்! வந்தேறிப் பசங்கள வெளிய அனுப்பு!" என்று கத்தியது. யாரை? மிதவைப் பலகையைக் கட்டிப்பிடித்தபடி கால் உதைத்து நீந்தப் பழகும் ஆறு வயதுக் குழந்தைகளை! வேறு நிறத்தில் பிறந்ததைத் தவிர அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குளம் எல்லாருக்கும்தான். ஒரு பிள்ளையும் வெளிய வராது. முதல்ல நீங்க செருப்பைக் கழட்டுங்க!" என்றேன். ஒருவன் பாட்டிலை ஓங்கினான்.

"அக்கா, நீ நகந்துக்கோ" என்றது ஒரு குரல். அந்தக் கூட்டத்தில் என்னை அக்கா என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?

நான் நகரவில்லை. பாட்டில் என் தோளைக் கிழித்தது. காவலர்கள் வந்த பிறகே அந்தக் கூட்டம் கலைந்தது.

உன் மனைவி இன்றுதான் உங்கள் மகளை வகுப்பில் சேர்த்திருந்தாள். பயந்து அழுத அந்தக் குழந்தைகளில் ஒருத்தியின் கையைக் கடைசிவரை உன் மகள் விடவேயில்லை. வீடு திரும்பும்போது, "அத்தை, அப்பா ஏன் முகத்த மூடியிருந்தாரு?" என்று கேட்டாள்.

அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். முகத்தைக் காட்டி நீயே வந்து சொல்.

இன்னமும் உன்
அக்கா